ஊசி குத்திய பக்கங்கள்

மன்னாரில் எங்கள் பள்ளிக்கு ஒரு வருடம் மட்டும் வந்த அந்தத் தமிழ் ரீச்சர் மெலிந்தவர். கடற்கரை ஊரான தாழ்வுபாட்டிலிருந்து சைக்கிளில் வருவதால் சேலைக்கரையில் எப்போதும் மணல் இருக்கும். எட்டாம் ஆண்டு வகுப்புக்கு நாவல் வாசிக்குமுன், பிள்ளைகளுக்குப் பொருந்தாத பக்கங்களைத் தன் கொண்டை ஊசியால் சேர்த்துக் குத்திவிடுவார்.

அந்த நாவல் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒரு தகப்பன் முறையிட்டதால், பாடத்தைக் கேட்டு எழுதித் தரும்படி உப அதிபரான என்னை அதிபர் அனுப்பினார். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தேன். ரீச்சர் ஆறு பக்கங்களைத் தாண்டினார். அடுத்த பக்கத்தில் கதையின் சிறுமி மாமா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று தாயுடன் சண்டை பிடித்தாள். காரணம் தாண்டிய பக்கங்களில் இருந்தது.

“சரியான திமிர் பிடிச்சவள், ரீச்சர்!” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. என் பக்கத்து மேசைப் பிள்ளை மட்டும் சிரிக்காமல் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ரீச்சர் அதைக் கண்டு ஊசியைக் கழற்றினார்.

“வேண்டாம், ரீச்சர்,” என்றேன்.

“நான் மறைச்சதால பிழை இவளில விழுந்திட்டுது, சேர்.” பிறகு புத்தகத்தைப் பாராமலே பிள்ளைகளுக்குச் சொன்னார்: “மாமா அவளைத் தொடக்கூடாத மாதிரித் தொட்டவர். அவளில ஒரு பிழையும் இல்லை.”

மணி அடித்து எல்லாரும் போனார்கள். அந்தப் பிள்ளை எழும்பவில்லை. ரீச்சர் தன் கதிரையை அவளருகில் கொண்டுவந்து போட்டார்.

“வெளியில நில்லுங்கோ, சேர். ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ.”

கதவடியில் நின்றேன். அதிபருக்கான தாளில் திகதியைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. உள்ளே அந்தப் பிள்ளை பேசத் தொடங்கினாள்.