கடைசி வீடியோவை யாரும் பார்க்கவில்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இனிமே நீங்க நிலா, மேடம்" என்றார் மேனேஜர் பிரதீப். முப்பது வயதுகூட இருக்காது. திருநெல்வேலிக்காரர், ஆவடியில் பிளாட் வாங்கியவர். நான் அரசு மருத்துவமனை மனநல வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். வீட்டில் இரண்டு மாதம் சும்மா இருந்ததில் என் கணவர் என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் இந்த வேலை. மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. கீழே நாள் முழுக்க இரும்பு அலறும், மேலே உட்கார்ந்து நாங்கள் போன் ஆப் வழியாக ஊருக்கெல்லாம் மன அமைதி வழங்குவோம்.

காலையில் வசந்த், மதியம் நான், சாயங்காலம் ஜெனிபர். மூன்று பேருக்கும் சேர்த்து ஆப் சாட்டில் ஒரே நிலா. ஷிப்ட் மாறுவது பேஷண்டுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. "கன்சிஸ்டன்சி மேடம்" என்றார் பிரதீப். வார்டில் டியூட்டி மாறும்போது நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். அதை இங்கே சொன்னால் பழைய காலத்து ஆள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள். கோபமோ அழுகையோ வந்தால் மடை உடைந்த மாதிரி வரும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பயம் இருக்கும்: நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ. அதற்கு இருபத்து நான்கு பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ, தினமும் ஒரு மனநிலை டைரி, சந்தேகம் கேட்க நிலா.

தேவகி

முத்தாபுதுப்பேட்டைக்காரி, முப்பத்து நான்கு வயது. வீட்டு நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்ற பிறகு அண்ணன்கள் ஆளுக்கொரு தொழில் பார்த்துக்கொண்டார்கள். இவள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் செக்கர். அது அவளுக்கு ஐந்தாவது வேலை. முதல் நான்கும் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு, அதே நிமிஷம் பையை எடுத்துக்கொண்டு நடந்த கதை. அண்ணன்கள் பேசுவதில்லை. கையில் பழைய தழும்புகள் இருப்பதாக டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். இந்த ஐந்தாவது வேலையாவது நிலைக்க வேண்டும் என்றுதான் ஆப்பில் சேர்ந்தாள்.

முதல் வாரமே எனக்கு விழுந்தது திட்டு.

"இன்னா நெலா, ரெடிமேட் பதிலா குட்த்துகினு கீற? நீ மெஷினா மனுஷியா?"

ரெடிமேட் பதில்தான். 'உங்கள் உணர்வு நியாயமானது' என்று ஆரம்பித்து இருபது டெம்ப்ளேட் எங்களுக்கு உண்டு. எனக்கு எரிச்சல் வந்தது. டெம்ப்ளேட்டை மூடிவிட்டு, "சாப்டியா?" என்று அடித்தேன். பிறகு, "இல்ல. இப்ப துன்றேன்" என்று வந்தது.

அடுத்த வார ஆடிட்டில் எனக்கு ஒரு சிவப்புப் புள்ளி: 'ஸ்கிரிப்டுக்கு வெளியே பேசினார்.' முப்பது வருஷம் வார்டில் எல்லாரையும் நான் முதலில் கேட்ட கேள்வி அது. இங்கே அது குற்றம்.

மூன்றாவது மாதம் தேவகி எழுதினாள்: "நீ மத்தியான நெலா. காலைல வர்றது ஆம்பள. சாயங்காலம் வர்றது சின்னப் பொண்ணு, எல்லாத்துக்கும் பூ படம் போடுது. என்னாண்ட மறைக்காத."

விதிப்படி மறுத்தேன். கன்சிஸ்டன்சி அல்லவா! "சரி, நீ சொல்லாத. நானும் தெரியாத மாதிரியே கீறேன்" என்று என்னை மன்னித்துவிட்டாள்.

எட்டு மாதம் வேலையில் நிலைத்தாள். சூப்பர்வைசர் கத்தினால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொண்டு, பத்து வரை எண்ணி, அப்புறம்தான் வாயைத் திறப்பாள். எல்லாம் பாடத்தில் உள்ளபடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் கணவரிடம்கூடச் சொன்னேன், பெயர் சொல்லாமல்.

பக் எங்கே?

அப்போதுதான் கம்பெனியில் அந்தப் பிரச்சினை கிளம்பியது. நாற்பது பேருக்கு மேல் இருபத்து மூன்றாவது பாடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். தினமும் லாகின் செய்கிறார்கள், டைரி எழுதுகிறார்கள், நிலாவோடு பேசுகிறார்கள். கடைசி வீடியோவை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. தேவகியும் அதில் ஒருத்தி.

"வீடியோ லோட் ஆகல போல, சாஃப்ட்வேர்ல ஏதோ பக்" என்று பிரதீப் முடிவு செய்தார். ஃபைல் சைஸைக் குறைத்தார்கள். யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தை ஐந்தாக வெட்டினார்கள். பார்க்கவில்லை. முகப்புப் படத்தில் சூரிய உதயம் வைத்தார்கள். அந்த உதயத்தையும் யாரும் பார்க்கவில்லை. மூன்று மீட்டிங், ஒரு வெள்ளைப் பலகை, எல்லார் கையிலும் மார்க்கர்.

நான்காவது மீட்டிங்கில் கேட்டேன்: "தம்பி, கடைசிப் பாடத்த முடிச்சா நாம இன்னா பண்றோம்?"

"சர்டிபிகேட் அனுப்புறோம் மேடம். சாட் அன்னைக்கே க்ளோஸ். ஏழு நாள்ல அக்கவுண்டும் க்ளோஸ் ஆயிரும்."

"கூட ஒரு மெசேஜ் போகுமே, அது?"

அவர் எழுதியதுதான். பெருமையோடு படித்தார்: "வாழ்த்துகள்! இனி உங்களுக்கு நாங்கள் தேவையில்லை!"

விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்துக்கு இருபத்து மூன்று பாடம் நடத்திவிட்டு, இருபத்து நான்காவதில் விட்டுவிட்டுப் போகிற கம்பெனி நாங்கள். அது பேஷண்டுகள் நாற்பது பேருக்கும் புரிந்திருந்தது. எங்களுக்குத்தான் வெள்ளைப் பலகை தேவைப்பட்டது.

பிரதீப் நல்ல பையன்தான். "அப்ப அவங்களா முடிக்க மாட்டாங்க. டைரி ஸ்கோர் நல்லா இருக்கறவங்கள நாமளே முடிச்சு விட்டுருவோம் மேடம். ஆட்டோ-கம்ப்ளீட். நர்ஸுங்கற முறையில உங்க சைன்-ஆஃப், ஒரு ஒப்புதல் மட்டும் போதும்" என்றார்.

இந்த இடத்தில் நான் எழுந்து கத்தியிருந்தால் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதலாம். கத்தவில்லை. லிஸ்ட் வந்தது, பெயருக்கு எதிரே 'நிலையாக உள்ளார்' என்று ஒரு கட்டம். ஒரு டீ ஆறுவதற்குள் அத்தனை பேருக்கும் டிக் அடித்தேன். தேவகிக்குத்தான் முதல் டிக். நம்ம பொண்ணு பாஸ் ஆகிவிட்டாள் என்ற கர்வம். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை

காலை பத்து மணிக்கு மெசேஜ் போனது. மதியம் ஒன்றரைக்குக் கீழே கேட்டில் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். சுடிதாரின் மேல் கம்பெனி கோட்டு, தோளில் பை, கையில் போன்.

"நெலாவ கூப்புடுன்றேன்ல!" பேச்சிலேயே தெரிந்துவிட்டது, தேவகி.

"இங்க நெலான்னு யாருமே இல்லம்மா. இது ஆன்லைன் கம்பெனி. ஆளுங்கள பாக்க மாட்டாங்க" என்றார் செக்யூரிட்டி. பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அவள் முகம் வெளுத்துப்போனது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது. அந்தப் பையோடு அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எஸ்டேட்டுக்குத் திரும்பமாட்டாள் என்று பயந்தேன். அதற்கு மேலும் பயந்தேன், அதை எழுத இஷ்டமில்லை.

"மேடம், பேஷண்ட நேர்ல பாக்கக் கூடாது. பாலிசி" என்று பிரதீப் வாசலில் நின்றார். "தள்ளுப்பா" என்றேன். தள்ளிக்கொண்டார்.

படியிறங்கிப் போய் அவள் முன்னால் நின்றேன். இருபது டெம்ப்ளேட்டில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சாப்டியா?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா? இவ்ளோ வயசா உனுக்கு?"

"ஆமா. என் பேரு கஸ்தூரி."

"சர்டிபிகேட் குட்த்து தொரத்துறீங்களே, நாயமா இது? காலைல பாத்ததும் போன ஒடைக்கலாம்னு தூக்கினேன். ஒடைக்கல. சூப்பர்வைசராண்ட அர நாள் லீவ் எழுதிக் குட்த்துட்டு பஸ் ஏறினேன். கோவமா கீறேன். பயமா கீது. அத்த உன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன்."

'விடைபெறுதல்' என்ற அந்தக் கடைசிப் பாடத்தின் சுருக்கக் குறிப்பில் நான் படித்ததே இதுதான்: உடைக்காதே, ஓடாதே, நேரில் போ, என்ன உணர்கிறாயோ அதைச் சொல். பார்க்காத பாடத்தை அப்படியே செய்து காட்டிவிட்டு வியர்க்க வியர்க்க நிற்கிறாள்.

"தப்பு என்னுது" என்றேன். "உன்னக் கேக்காம நான்தான் டிக் அடிச்சேன்."

"இனிமே கேட்டுட்டு அடி" என்றாள். பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். லெமன் சாதம். பட்டறை வாசல் நிழலில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சர்டிபிகேட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்களாம். எங்கள் ஆப்பில் வேறெங்கும் எங்கள் முகவரி கிடையாது. முடித்தவர்களுக்குத்தான் நாங்கள் இருக்கும் இடத்தையே சொல்வோம்!

அதற்குப் பிறகு

அன்று சாயங்காலமே எல்லார் சாட்டையும் மறுபடி திறந்துவிட்டார் பிரதீப். மெசேஜைத் தன் கையாலேயே அழித்தார். அக்கவுண்டை மூடும் தேதியை இனி பேஷண்டே குறிக்கலாம் என்று புது விதி வந்தது. ஷிப்ட் மாறும்போது நிலா தன் சொந்தப் பெயரைச் சொல்லி விடைபெறவும் அனுமதி கிடைத்தது. எனக்கு ஒரு மெமோவும் கிடைத்தது, பாலிசியை மீறியதற்கு.

தேவகி யோசித்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். "அன்னிக்கி மத்தியானம் வர்றேன். ஒழுங்கா பை சொல்லு, அழுவாத" என்று எழுதியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை டெம்ப்ளேட் இல்லாமல் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மணி, இரண்டு மணி. ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் ஸ்கிரீனைத் திறந்து பார்த்தேன். அண்ணன் வீட்டோடு மறுபடி சண்டையோ, உடம்பு சரியில்லையோ என்று என்னென்னவோ ஓடியது. என்னோடு டீ குடிக்க வந்த ஜெனிபரிடம் எரிந்து விழுந்தேன். வரவே இல்லை.

திங்கட்கிழமை ஒரு வரி வந்திருந்தது. "சாரி சிஸ்டர், வெள்ளிக்கெழம லைன்ல புது ஆளுங்களுக்கு வேல சொல்லிக் குட்த்துகினு இருந்தேன். மறந்தே பூட்டேன். அக்கவுண்ட மூடிடு."

மறந்தே பூட்டாள். முப்பது வருஷ சர்வீஸில் இதைவிட நல்ல ரிசல்ட் நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: நம்மை மறந்துபோவதுதான் அவர்கள் தேறியதற்கு அடையாளம். அதைத் தாங்கிக்கொள்ள அவர்களைவிட நமக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

அவள் அக்கவுண்டை மூடினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, இதுவரை நானும் பார்க்காத அந்த இருபத்து நான்காவது வீடியோவைத் திறந்தேன். முழுசாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் நிற்காமல் நன்றாகத்தான் ஓடியது.