கூடைக் கயிறு கட்டிய வீராங்கனை

என் புத்தக அலமாரியில் படக்கதைகளுக்கென்றே இரண்டு தட்டுகளை ஒதுக்கியிருக்கிறேன். கப்பல் ஓட்டுகிறவள், துப்பறிகிறவள், ஊரை எரிக்க வந்த படையை ஒற்றை ஆளாக மறித்தவள் என்று எல்லாவற்றிலும் ஒரு பெண்தான் முன்னால் நிற்பாள். அவற்றுக்கு நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஓரம் கிழிந்த ஒற்றைத் தாள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் சக ஆசிரியைகள் முதலில் விசாரிப்பது அதைத்தான். அது என் அண்ணியின் கதை என்பேன்.

படக்கதைகள் சேர்க்கத் தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், ராகலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவர் பழைய பேப்பர்க் கடை வைத்திருந்தார். மளிகைக் கடைகளுக்குப் பொட்டலம் மடிக்கப் போகும் கட்டுகளுக்குள் சில சமயம் படக்கதைகள் கிடக்கும். "இதுல பொம்பளதான் சண்டை புடிக்கிறா, புள்ள. ஒரு பயலும் வாங்க மாட்டான். நீயே கொண்டு போ" என்று சிரித்தபடி எனக்காக எடுத்து வைப்பார். அப்படிப் பதினொன்று சேர்ந்தன. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை முழுவதையும் அந்தப் புத்தகங்களோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவுக்குள் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான்.

அந்த வருடம்தான் அண்ணன் கல்யாணம் முடித்தார். அண்ணி சிறுவயதிலேயே தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவர், எழுத்து தெரியாது. தீபாவளிக்கு முன் புகை படிந்த லயச் சுவர்களில் பழைய பத்திரிகை ஒட்டுவது எங்கள் வழக்கம். பனிக்காற்றும் கொஞ்சம் அடங்கும், வீடும் புதிதாகத் தெரியும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், வாசலுக்கு நேரான சுவர் முழுவதும் என் வீராங்கனைகள். அண்ணி கோதுமை மாப் பசைக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். "நல்ல கலர்ப் படமா இருக்கு பாப்பா. பெட்டிக்குள்ள கெடந்தா யாரு பாக்கிறது?"

தாள்களின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டதில், ஒவ்வொரு கதையிலும் பாதி சுவரோடு சுவராகிப் போயிருந்தது. "படிக்கத் தெரியாதவங்க கையில பொஸ்தகம் கெடைச்சா இப்பிடித்தான்" என்றேன். அண்ணி மிச்சப் பசையை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். அதன்பின் மூன்று வாரம் நான் அவரோடு பேசவேயில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்துக் காம்பராக்களின் பெண்கள் பிளேன்டீ குடிக்க வந்து அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தாளில், அறுந்த பாலத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் துரத்தி வரும் குதிரைப்படை. அவள் தலையைச் சுற்றி ஒரு பட்டை. அது போர்வீரர்கள் அணியும் அலங்காரம் என்றுதான் நான் வாசித்திருந்தேன்.

"இவ நம்ம மாதிரி கொழுந்தெடுக்கிறவ. தலையில கூடைக் கயிறு இருக்கு பாருங்க" என்றார் அண்ணி. "கூடைய எங்கயோ எறக்கி வச்சுட்டு வந்திருக்கா. இப்ப அந்தக் கயித்தக் கழட்டி மரத்துல கட்டி, அந்தப் பக்கம் தாண்டிருவா."

அடுத்த காம்பரா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அடியே, நம்ம கூடைக் கயிறு கொழுந்துப் பாரத்துக்கே அந்துபோகுது. இவ தொங்குறாளாம். படிச்ச புள்ள நீ சொல்லு, பொஸ்தகத்துல அப்பிடியா இருக்கு?"

அப்படி இல்லை. அந்தத் தாளின் மறுபக்கத்தில் ஓர் இளவரசன் வெள்ளைக் குதிரையில் வந்து அவளைத் தூக்கிக்கொள்வான். கடைசிப் படம் கல்யாணம். என் சேகரிப்பில் எனக்குப் பிடிக்காத முடிவு அது ஒன்றுதான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணி மட்டும் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து சில மாதங்களே ஆன மருமகள். நான் ஒரு வார்த்தை சொன்னால் லயம் முழுக்க வருடக்கணக்கில் சிரிக்கும். மூன்று வாரத்துக்கு முன் சொன்ன சொல் அப்போதுதான் எனக்கே சுட்டது.

"ஆமாங்கக்கா. அண்ணி சொன்ன மாதிரிதான். கயித்தப் புடிச்சுத்தான் தாண்டுறா."

அன்று என் தட்டில் ரொட்டி ஒன்று கூடுதலாக இருந்தது.

அதன்பின் அந்தப் படத்துப் பெண் அண்ணியோடு கொழுந்து மலைக்கே போய்விட்டாள். கொழுந்து நிரைகளில் அவள் கதை வளர்ந்துகொண்டே போனது. நிறுவையில் ஏமாற்றியவரிடம் தராசைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, திரும்பிப் போகவேண்டியதுதான். அவள் ஒரு நாளும் பிந்தவில்லை. நான் வளர்ந்து, பல்கலைக்கழகம் போய், ஆசிரியையாகி, எனக்குப் பிடித்த முடிவுள்ள புத்தகங்களாகத் தேடித் தேடி வாங்கினேன். ஆனாலும் அந்தப் பொய்யை மட்டும் பத்திரமாகக் காத்தேன். எழுத்துத் தெரியாத அண்ணியை நான் காப்பாற்றிவிட்டதாக உள்ளூர ஒரு கர்வம்.

போன வருடம் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. லயத்தை இடிக்கும் முன், எந்தத் தீபாவளிக்கும் அண்ணி மேலே வேறு பத்திரிகை ஒட்டாமல் விட்டிருந்த அந்த ஒரு தாளையாவது எடுத்துவிடலாம் என்று அண்ணியும் நானும் போனோம். சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, கால் மணி நேரத்தில் அண்ணி உரித்துவிட்டார். தாள் அவர் கையில் புரண்டது. சுண்ணாம்புக்கும் காய்ந்த பசைக்கும் நடுவே வெள்ளைக் குதிரை தெரிந்தது. நான் அவசரமாகக் கையை நீட்டினேன்.

"என்னாத்துக்கு மறைக்கிற பாப்பா?" என்றார் அண்ணி. "ஒட்டுறப்பவே பாத்தேனே இவன. பெரட்டு முடிஞ்சப்பறம் வந்து நிக்கிற பய. அதான் மூஞ்சியில பசையத் தடவி செவத்துப் பக்கம் திருப்பிட்டேன்."

சட்டத்துக்குள்ளும் அவன் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.