ஆயில்யக்காரரும் கண்ணாடி விரியனும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தோவாளையில் என் தங்கை பகவதி வீட்டில் ஆப்பத்துக்குக் கடலைக்கறி ஊற்றிக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம் வைக்கோல்போர் அருகே குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் — ஸ்ஸ்ஸ்...

"பாம்பாட்டு இருக்கும்" என்றாள் பகவதி. "அத்தான் அங்கதான் நிக்காரு."

அத்தான் என்றால் அவள் கணவர் தாணு. கொல்லைவாசலில் நின்று, வரச்சொல்லிக் கூப்பிட்டேன். வெறுங்காலோடு நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்க மச்சான். நான் ஆயில்யமாக்கும். என்னைத் தொடாது."

வெளியூர் வாசகர்களுக்காக: ஆயில்யம் நாகருக்கு உரிய நட்சத்திரம். அந்த நட்சத்திர நாளில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் நாகருக்குப் பால் ஊற்றுவார்கள். அதில் பிறந்தவர்களைப் பாம்பு கடிக்காது என்பது தாணு மாதிரி சிலரின் உறுதியான நம்பிக்கை. இதைப் பாம்பிடம் யார் சொன்னார்கள் என்பதுதான் தெரியவில்லை.

நம் பக்கம் ஆளைக் கொல்லும் பாம்புகள் முக்கியமாக நான்கு. நாலுக்கும் நாலு குணம். நல்ல பாம்பு படம் எடுத்து நின்று, ஒதுங்கிப் போ என்று சொல்லிப் பார்க்கும். கட்டுவிரியன் பகலில் பரம சாது. ராத்திரியில்தான் தரையில் படுத்தவரின் பாய்க்குள் வரும், பல நேரம் கடித்ததே தெரியாது. சுருட்டை விரியன் சின்ன உருவம், பெரிய கோபம். செதிலோடு செதிலை உரசிச் சத்தம் போடும். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார்தானே?

கண்ணாடி விரியன் வேறு ரகம். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி புள்ளிகள். எலிக்காகச் சருகிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடக்கும். ஆள் வந்தால் பெரும்பாலும் ஓடாது, அன்று கேட்ட அதே குக்கர் சத்தத்தில் சீறும். நீ போ, நான் நகரமாட்டேன் என்கிற பிடிவாதம்.

எங்கள் தாணுவும் அதே ரகம். இரண்டு பேரும் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். "முள்ளு குத்திட்டு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பகவதி குனிந்து பார்த்தாள்.

"அது என்ன முள்ளு அத்தான், ஜோடியாட்டு குத்தும்?"

காலை இழுத்து வேட்டிக்குள் மறைத்தார். அப்புறம் மெல்ல முனகினார்: "ஆயில்யக்காரனைக் கடிச்சிட்டுன்னா ஊருல சிரிக்கமாட்டானா? வெளிய சொல்லாண்டாம். மஞ்சளு வச்சுக் கெட்டினா போரும்."

என்ன சொல்ல! உயிரைவிட நட்சத்திரத்தின் மானம் பெரிதாகிவிட்டது மனுஷனுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் எழுந்து வாஷ்பேசினில் துப்பினார் — எச்சிலில் ரத்தம். பகவதி முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, காரை எடு."

கயிறு கட்டவில்லை, பிளேடால் கீறவில்லை. காலை அசைக்காமல் பின்சீட்டில் கிடத்தி நாகர்கோவிலுக்கு விரட்டினேன். வழியில் அவருக்கு ஒரு சந்தேகம்.

"டாக்டருக்குக் காட்ட பாம்பைப் புடிச்சுக் கொண்டு போவாண்டாமா மச்சான்?"

வேண்டாம். அந்த நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான். பிடிக்கப் போனால் கடிபட்டவர் இரண்டு பேராகிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜையில் அசையாமல் வைத்தார். நல்ல ரத்தம் என்றால் இருபது நிமிஷத்தில் உறைய வேண்டும்; இந்த விஷம் ஏறியிருந்தால் உறையாது. பகவதி என் கையைப் பிடித்தபடி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைச் சரித்தார். தண்ணீராக ஓடியது.

"ஒறையல்லியே அண்ணே" என்றாள்.  

மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் மறுபடியும் ஒரு குழாய், மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை சரித்தபோது ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

மேலும் சில நாள் படுக்கையில் இருந்துவிட்டு தாணு வீடு வந்து சேர்ந்தார்.

நேற்று ஆயில்யம். கோயிலுக்குப் பால் செம்போடு, வழக்கம்போல வெறுங்காலோடு கிளம்பினார். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். பகவதியின் உபயம்.

"கோயிலுக்கு யாராவது பூட்ஸ் போட்டுட்டுப் போவாங்களாட்டி?"

"கோயில் நடை வரைக்கும் போட்டுட்டுப் போயி அங்க கழத்துங்க. நட்சத்திரம் மேலல்லா கெடக்கு அத்தான்... பாம்பு கீழயாக்கும்."