மூக்கன் பார்த்துச் சொன்ன மூன்று குஞ்சுகள்

மூக்கனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோழிக்குஞ்சு பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள இலங்கையில் எங்கள் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வரிசையாக எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. முதல் காம்பராவில் அவன், இரண்டாவதில் நான். நடுவில் ஒரு சுவர்தான். அவன் இருமினால் என் அடுப்படியில் கேட்கும். இருவருக்குமே கவ்வாத்து வேலை. நெஞ்சுயரம் வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவனுக்குப் பெண்டாட்டி செத்து வெகுகாலம். பிள்ளை குட்டி இல்லை. யாரோடும் சிரித்துப் பேச மாட்டான். மழை பெய்தால் மழையைத் திட்டுவான், விட்டால் வெயிலைத் திட்டுவான். கையில் குஞ்சைக் கொடுத்தால் மட்டும் திட்டு நிற்கும்.

லயத்துக்குப் பின்னால் எல்லாருக்கும் கோழிக்கூடு உண்டு. குஞ்சு பொரித்து ஒன்றரை மாதம் ஆனதும் எது பெட்டை, எது சேவல் என்று தெரிந்தாக வேண்டும். பெட்டைக்குப் போடும் தீனி முட்டையாகத் திரும்பி வரும். கூட்டத்துக்கு ஒரு சேவல் போதும். மிச்சத்தை அறுக்கவோ தலவாக்கலை கடைவீதியில் விற்கவோ வேண்டியதுதான். கொண்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அது நடக்காது. துரை பங்களாவில் ஒரு சீமைச் சேவல் இருந்தது. வேலி தாண்டி வந்து லயத்துக் கோழிகளோடு சுற்றும். அதன் கொண்டை மண்டையோடு ஒட்டிச் சப்பையாகக் கிடக்கும். அதற்குப் பிறந்த குஞ்சுகளுக்கும் அதே சப்பைக் கொண்டைதான், ஆணென்றும் பெண்ணென்றும் இல்லாமல். பெண்கள் குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பார்கள். துடித்தால் சேவலாம், சும்மா தொங்கினால் பெட்டையாம். பாதிக்குப் பாதி தப்பாகும்.

மூக்கன் தூக்கிப் பார்க்கிற ஆள் இல்லை. காலைத் தடவி எவ்வளவு தடிமன் என்று பார்ப்பான். இறக்கையை விரிப்பான். முதுகு மயிரை ஊதுவான். சொன்னால் சொன்னதுதான். கூலி, ஒரு ஈட்டில் பொரித்த குஞ்சுகளுக்கு ஒரு சேவல். எதை எடுப்பது என்று அவனே முடிவு செய்வான். வீணாகப் போகிற சேவல்தானே என்று எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

ஒரு தீபாவளிக்குச் சாராயம் உள்ளே போன வேகத்தில் என்னிடம் மட்டும் வித்தையைச் சொன்னான். "எல்லாப் பயலுகளும் தலைகீழா நெனச்சிருக்கானுக. வளர்ந்தாத்தான்டா சேவலுக்குச் சட்டை. சின்னதுல அவன் அம்மணம். பெட்டைக்குத்தான் முதுகும் வாலும் மொதல்ல மூடும்."

நான் சிரித்தேன். அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

முப்பத்திரண்டாம் வருஷம் தேயிலை விலை விழுந்தது. ஆள் அதிகம், பன்னிரண்டு குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பு என்று துரை உத்தரவு போட்டார். யார் யார் என்று பேர் எழுதுவது பெரியகங்காணி. பதினொரு பேர் எழுதியாயிற்று. பன்னிரண்டாவது மூக்கனா, வீரய்யாவா என்று நின்றது. மூக்கனுக்கு வயசும் இருமலும். ஏழாம் காம்பரா வீரய்யாவுக்குக் கவ்வாத்துக் கத்தி கால் நரம்பில் பட்டு, நொண்டி நொண்டி மலையேறுகிற நிலைமை. அவன் பெண்டாட்டி ராசம்மா இதே தோட்டத்தில் பிறந்தவள். மூன்று பெண் பிள்ளைகள். இந்தியாவில் போய் இறங்க வேண்டிய ஊர் பேர்கூட அவளுக்குச் சரியாக வராது.

அந்த வருஷமே கோழிக்குக் கழிச்சலும் வந்து தோட்டம் முழுக்கக் கூடு காலியானது. மூக்கனுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரியகங்காணி வீட்டிலும் அதே கதை. அவர் சம்சாரம் சண்முகவடிவு அம்மா துரைசாணிக்கு முட்டை அனுப்பிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தவர். அது நின்றதும் தலைகால் புரியவில்லை. மூக்கனையும் ராசம்மாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே பேச்சைத்தான் சொன்னார். "மாசம் முடியறதுக்குள்ள எனக்குப் பெட்டை கொண்டாந்து கட்டு. அய்யாகிட்டச் சொல்லி ஒன் பேர எடுத்துடறேன்."

கழிச்சலுக்குத் தப்பி லயத்தில் மூன்றே குஞ்சுகள் இருந்தன. மூன்றும் ராசம்மாவுடையவை.

அவள் மூக்கனைக் கூப்பிட்டாள். கொல்லையில் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நானும் சுவரோரம் நின்றேன். மூக்கன் ஒவ்வொன்றாக எடுத்தான், தடவினான், ஊதினான். இரண்டு குஞ்சுக்கு முதுகு வெறும் தோல். மூன்றாவதற்கு முதுகு மூடி, வாலும் குட்டி விசிறியாக விரிந்திருந்தது. எனக்கே தெரிந்தது, அதுதான் பெட்டை என்று.

"இது மட்டும் நல்லா உடுத்திருக்கேண்ணே?" என்றாள் ராசம்மா.

"சேவலுக்குத்தான் தங்கச்சி அலங்காரம். பெரிய சேவல் வாலைப் பாத்ததில்லையா?" கூசாமல் சொன்னான். "மத்த ரெண்டும் பெட்டை. ஒனக்கு யோகந்தான். இத நான் கூலிக்கு எடுத்துக்கறேன்."

அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்தான். நான் என் கால் விரலைப் பார்த்தேன். வாய் திறந்தால் சண்டை வரும், சண்டை கங்காணியிடம் போகும், அவர் இரண்டு பேரையும் விட்டு மூன்றாவதாக என் பேரை எழுதினால்? என் வீட்டில் நான்கு வாய். இப்படி ஒரு நியாயத்தை அங்கேயே நின்று தயார் பண்ணிக்கொண்டேன்.

ராசம்மா அன்றைக்கே இரண்டையும் கொண்டுபோய்ச் சண்முகவடிவு அம்மா வீட்டில் கட்டினாள். திரும்பி வந்து காம்பரா வாசலில் அவரைக் கொடிக்கு விதை ஊன்றினாள். இனி இங்கேதான் என்கிற தைரியம்.

பேர் எழுதிய சீட்டு துரையின் ஆபீசுக்குப் போவது ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் ஒரு விடியலில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம், கங்காணி வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டும் மாற்றி மாற்றிக் கரகரத்த குரலில் கூவின. கூட்டம் சிரித்தது. சண்முகவடிவு அம்மா இரண்டையும் அறுத்துக் குழம்பு வைத்து, நன்றாகச் சாப்பிட்டு, அதற்கப்புறம் ராசம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் ஓடினாள். கங்காணி வீட்டுக்கு விறகு சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன்.

"சேவலக் கட்டி என்னை ஏய்ச்சுட்டியாடி?"

"மூக்கண்ணன்தாம்மா பாத்துச் சொன்னாரு."

"அவன் முந்தாநாளே பெட்டை கொண்டாந்து கட்டிட்டானே. அவனுக்கு இருக்கிற யோக்கியதை ஒனக்கு இல்ல."

கூட்டுக்குள் இருந்ததை ராசம்மா குனிந்து பார்த்தாள். பொறுக்க முடியாமல் கதறினாள். "அம்மா, இது ஏங் குஞ்சும்மா! அடையாளத்துக்கு அதோட நடுவிரல் நகத்த நாந்தான் கிள்ளினேன். பாருங்கம்மா!"

சண்முகவடிவு அம்மா பார்க்கக்கூட இல்லை. "இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பெட்டை வந்தாச்சு. யாரு கொண்டாந்து கட்டுனாங்கங்கறதுதான் பேச்சு."

ராசம்மா திரும்பினாள். விறகோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அங்கதானே நின்னீங்க. அவர் எத எடுத்துட்டுப் போனாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"எனக்குக் குஞ்சப் பத்தி என்ன தங்கச்சி தெரியும்?" என்றேன்.

கூடையை முதுகில் இழுத்துச் சரிசெய்துகொண்டு அவள் இறங்கிப் போனாள். மறுநாள் சீட்டு ஆபீசுக்குப் போனது. பன்னிரண்டாவது, வீரய்யா.

போகிற அன்று தலவாக்கலை ஸ்டேஷன்வரை நடைதான். வீரய்யா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனான். மூக்கன் வெளியே வந்து, தகரப்பெட்டியைத் தான் சுமப்பதாகக் கை நீட்டினான். எந்த மூஞ்சியோடு நீட்டினானோ! ராசம்மா அவனிடம் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், என்னிடமும் கொடுக்கவில்லை. தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்திலிருந்து கடுதாசி ஒன்றும் வரவில்லை. எழுதுவதற்கு அவர்களுக்கு இங்கே யார் இருந்தார்கள்?

கழிச்சல் ஓய்ந்ததும் எல்லாரையும் போல நானும் கடைவீதியில் ஒரு கோழி வாங்கினேன்; நான்கு மாதம் கழித்து அது ஆறு குஞ்சு பொரித்தது. பங்களாச் சேவல் கழிச்சலுக்குத் தப்பியிருந்தது போல, கொண்டை எல்லாம் சப்பை. பக்குவம் வந்ததும் நானே பார்த்துப் பிரித்திருக்கலாம், எனக்குத்தான் வித்தை தெரியுமே. ஆனால் லயத்தில் எல்லாரும் மறுபடி அவனிடம்தான் கொண்டுபோனார்கள். நான் மட்டும் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கூடையோடு போனேன்.

மூக்கன் ஆறையும் தடவினான். வாலும் முதுகும் நன்றாக மூடியிருந்த ஒன்றை எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"இது சேவல். எடுத்துக்கவா?"

"எடுத்துக்கண்ணே" என்றேன்.