சந்தனம் வைத்த தோட்டாக்கள்

கடைக்குள் வைத்திருக்கப் பாதுகாப்பான தோட்டா எது என்று என் தம்பி கேட்டபோது, துப்பாக்கி விற்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “யாருக்குப் பாதுகாப்பு, மெஸ்யூ?” என்று பிரெஞ்சில் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி அன்று எனக்கு வியாபாரியின் சாமர்த்தியமாகவே பட்டது.

தம்பி லா சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில், நகைக்கடை வைத்திருக்கிறான். ஓய்வு பெற்ற பின் நான் அவனோடு கடையில் இருக்கிறேன். காலையில் விளக்கேற்றிப் பதிகம் ஓதுவதும், வருகிறவர்களின் முகம் பார்த்துக் கதவு திறக்கும் பொத்தானை அழுத்துவதும் என் வேலைகள். அந்தக் கோடையில் நான்கு கடை தள்ளியிருந்த இன்னொரு நகைக்காரரை, தலைக்கவசம் அணிந்த இருவர் பட்டப்பகலில் அடித்து வீழ்த்தினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் நாங்கள் மருத்துவமனைக்குச் சென்றபோது தம்பியின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். அடுத்த வாரமே தம்பி டொக்டரிடம் சான்றிதழ் வாங்கி, பிறெபெக்த்தூர் அரச அலுவலகத்தில் துப்பாக்கிப் பதிவுக்கான தாள்களை நிரப்பத் தொடங்கிவிட்டான்.

அவன் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய துப்பாக்கி. மேலும் கீழுமாக இரண்டு குழல்கள். நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாக்களை இடவேண்டும். ஈயக்குண்டு அதில் போகாது. விற்பவர் மூன்று வகைத் தோட்டாக்களை மேசைமேல் வைத்தார். காரப்புகை வகையை அவரே ஒதுக்கிவிட்டார். சின்னக் கடைக்குள் அதைச் சுட்டால், முதலில் மூச்சுத் திணறுவது சுட்டவன்தான் என்றார். மிஞ்சியவை, வெறும் ஓசை எழுப்பும் வெடியும் ரப்பர் உருண்டை பாயும் தோட்டாவும். உருண்டையை முகத்துக்கு நேரே சுடவே கூடாது என்றும், பெட்டியில் குறித்திருக்கும் தூரத்தைவிடக் கிட்டே வந்தவர்மேல் சுட்டால் கண் போகலாம், உயிரும் போகலாம் என்றும் சொன்னார். வெறும் வெடிகூட முகத்தருகே வெடித்தால் தோலைச் சுட்டுவிடும் என்றார். அப்படி ஏதும் நடந்தால், எதிரே நின்றவன் உங்களை எவ்வளவு அச்சுறுத்தினான் என்று நீதிபதி அளந்து பார்ப்பார் என்று சொல்லி முடித்தார்.

எங்கள் கடையைச் சுவருக்குச் சுவர் ஆறு எட்டில் நடந்துவிடலாம். கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நிற்பவரின் முகம் கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

“தம்பி, ரப்பர் வேண்டாம். சத்தம் போடுறது காணும்,” என்றேன்.

“சத்தத்துக்கு ஓடுறவன் கடைக்கு வரமாட்டான் அண்ணை. நீங்கள் தேவாரத்தைப் பாடிக் கலைக்கிறன் எண்டு நினைக்கிறியளோ?”

“பகிடி விடாதை. ஒருத்தன்ரை கண்ணைப் போக்கிப்போட்டு நீ எங்கை போய் இருப்பாய்? உள்ளுக்கைதான்.”

கடைசியில் இரண்டு வகையிலும் பத்துப் பத்து வாங்கினோம். துப்பாக்கியில் வெறும் வெடி மட்டும் இருக்கவேண்டும்; ரப்பர்த் தோட்டாப் பெட்டியைப் பெட்டகத்தில் பூட்டி, சாவியைத் தம்பி வைத்திருக்கவேண்டும். அதுதான் எங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு.

ஆயுதபூசை வந்தது. எங்கள் கடையில் அன்று தராசு, ஊதுகுழல், குறடு, சுத்தியல் எல்லாம் அம்பாளுக்கு முன் வைக்கப்படும். தம்பி துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தான். தொழிலைக் காக்கும் பொருளும் ஆயுதந்தானே என்றான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மழுவும் சூலமும் ஏந்திய கரங்களைப் பாடியே வளர்ந்த வாய் இது. துப்பாக்கியில் ஒன்றும் இல்லாதிருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவன் அதைத் திறந்து இரண்டையும் எடுத்தான். பெட்டகத்தில் இருந்தவற்றையும் எடுத்துத் தரச் சொல்லி, இருபது தோட்டாக்களையும் பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பியவன் நான்தான். இடப்பக்கம் வெடி, வலப்பக்கம் ரப்பர். அளவில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும், வேற்றுமை நுனியில்தான். ஒன்றில் மடித்து மூடிய உலோகம், மற்றதில் கரிய உருண்டை. அந்த நுனிகளின்மேல்தான், ஒவ்வொன்றாக, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

பதிகம் பாடியபடி தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டும்போது, அது சற்றுச் சாய்ந்தது. மூன்று நான்கு தோட்டாக்கள் நடுவுக்கு உருண்டு வந்தன. பாட்டை இடையில் நிறுத்தும் வழக்கம் எனக்கு இல்லை. சிறு வயதிலிருந்து அப்படியே பழகியவன். பாடிக்கொண்டே, எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உத்தேசித்து, விரலால் தள்ளி வைத்தேன். அன்றைக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

விசயதசமியன்று காலை தம்பி முன்னதாகவே கடைக்குப் போய்விட்டான். நான் வந்தபோது எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயிருந்தன. துப்பாக்கி இழுப்பறையில், ரப்பர் பெட்டகத்தில், மீதி எட்டு வெடிகளும் அட்டைப்பெட்டியில் மேசையின்மேல். எபினே என்ற புறநகரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குத் தம்பி தோடு காட்டிக்கொண்டிருந்தான். நான் சந்தனம் உலர்ந்த தாம்பாளத்தைத் துடைத்துவிட்டு, அட்டைப்பெட்டியை எடுத்து வைக்கப் போனேன். ஒரு தோட்டாவின் நுனியில் சந்தனம் பெயர்ந்திருந்தது. அதன் கீழே கறுப்பு.

பல்லுக்குத்தும் குச்சியால் மற்ற ஏழையும் சுரண்டிப் பார்த்தேன், அவை வெடிகள்தாம். அப்படியானால் ஒரு வெடி இடம் மாறி, ரப்பர்ப் பெட்டிக்குள் போயிருக்கவேண்டும். ஒன்றுதான் மாறியதா, இரண்டா? இரண்டு மாறியிருந்தால், துப்பாக்கிக்குள் ஒரு ரப்பர் இருக்கிறது. பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். சாவி தம்பியின் இடுப்பில்.

“தம்பி, ஒருக்கா இஞ்சை வா.”

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அக்காவுக்கு இன்னும் மனம் வரேல்லை.”

“மனமெல்லாம் வந்திட்டுது, விலைதான் வரேல்லை,” என்றார் அந்த அம்மா. தம்பி சிரித்தான். வாடிக்கையாளர் முன்னிலையில் துப்பாக்கி என்ற சொல்லை எப்படி எடுப்பது என்று தயங்கி நின்றேன். இழுப்பறை அவன் முழங்காலுக்கு நேரே இருந்தது. நான் அங்கே நகர்ந்தால் அவன் எழ வேண்டியிருக்கும். அந்த அம்மா போய்விட்டால் போதும் என்று எண்ணியபடி, வாய்க்குள் பதிகத்தை முணுமுணுத்தேன். பாடியது எதுவும் மனத்தில் நிற்கவில்லை.

கடைசியில் அவர் தோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். பொத்தானை அழுத்தினேன். வெளியே மழை. கதவைத் திறந்த அம்மா, அங்கே நனைந்தபடி நின்றவருக்கு மரியாதையாக அதைப் பிடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை; முகத்திரை கறுப்பு. கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அவர் வலக்கை ஈரச் சட்டையின் உட்பைக்குள் போயிற்று.

இழுப்பறை திறந்த சத்தம் கேட்டது. தம்பியின் கை மேலே வந்தது. அவன் மனத்தில், அந்தக் கையில் இருப்பது வெறும் சத்தம். ஆகையால் அவன் தயங்கவேண்டிய அவசியம் இல்லை. குழல் நேராக அந்தத் தலைக்கவசத்தை நோக்கி இருந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதும் சொன்னேனோ என்பதும் ஐயம். இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினேன்.

“விடுங்கோ அண்ணை! விடுங்கோ!”

உட்பையிலிருந்து வெளியே வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அறுந்த தாலிக்கொடி. வந்தவர் அதைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு, மிக மெதுவாக, இடக்கையால் முகத்திரையை உயர்த்தினார். நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழர். வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்பவர்.

“அண்ணை, கொடி அறுந்துபோச்சு, ஒட்டித்தரக் கேட்டு வந்தனான்,” என்றார். அவர் கண் துப்பாக்கியின் பிடியில் வைத்திருந்த சந்தனப் பொட்டில் நின்றது. “உதுக்கும் பூசை செய்துபோட்டோ சுடுறனியள்?”

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைக்கவசத்தைக் கழற்றாதது தன் பிழைதான் என்று அவரும் சொன்னார். லா கூர்னெவில் கொடுக்கவேண்டிய சாப்பாடு ஒன்று இருக்கிறது, ஒரு மணித்தியாலத்தில் வருகிறேன் என்று கொடியை வைத்துவிட்டு வெளியேறினார்.

தம்பி என்மேல் பாய்ந்தான். “அவன் கள்ளனா இருந்திருந்தால்? என்ரை கையைக் கட்டிவிட்டு என்னைச் சாகக் குடுத்திருப்பியள். உள்ளுக்கை இருந்தது வெறும் வெடி!”

“திறந்து பார்.”

குழலை மடித்து இரண்டையும் கண்ணாடியின்மேல் கொட்டினான். நகத்தால் சுரண்டினான். கீழ்க்குழலில் இருந்தது வெடி. முதலில் வெடிக்கவேண்டிய மேற்குழலில் இருந்ததன் நுனி கறுப்பு. தாம்பாளம் சாய்ந்ததையும், பாட்டை நிறுத்தாமல் விரலால் தள்ளியதையும் அப்போதுதான் சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் கறுப்பு நுனித் தோட்டாவை மட்டும் எடுத்துத் தனியே வைத்தான்.

“நாளைக்கு உதைக் கொண்டுபோய் வித்த மனிசனிட்டையே குடுத்துவிடுவம்,” என்றான். பிறகு, “பேந்து நான் வெறுங்கையோடை என்னண்டு இஞ்சை இருக்கிறது அண்ணை?” என்று கேட்டான்.

நான் பாடிவந்த கரங்களுள் ஒன்று ஆயுதம் ஏந்தாமல், அஞ்சாதே என்று விரித்துக் காட்டும் கரம். அதைச் சொல்ல நாக்கு எழுந்தது. மருத்துவமனையில் தம்பியின் பெயர் தெரியாமல் விழித்த அந்த முகம் நினைவுக்கு வரவே, அறுந்த கொடியை எடுத்து அவன் முன் வைத்தேன்.

தாலிக்கொடியை ஒட்ட அவன் உட்கார்ந்தான். இரண்டு முறை பற்றாசு நழுவியது. மூன்றாம் முறை ஒட்டியது. நான் துப்பாக்கியை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு மணி அடித்தது. கண்ணாடிக்கு வெளியே அந்த மனிதர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி, நனைந்த தலையைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் கை முதலில் காலி இழுப்பறைக்குப் போயிற்று. அங்கே சிறிது நேரம் இருந்தது. பிறகு எனக்கு முன்பாக அவனே பொத்தானை அழுத்தினான்.