அம்மாவைக் கேட்டுவிட்டு வா

காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் பஸ் ஏறினேன். வடக்கே கூலிமுக்கு டிக்கெட் நாற்பத்தைந்து வெள்ளி. மடியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. எனக்கில்லை, தம்பி முரளிக்கு. "நல்லா சாப்பிட வெச்சு, அப்படியே கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துரு" என்பது உத்தரவு.

முரளி கோலாலம்பூரில் ஒரு பப்பில் பத்து வருடமாக டீஜே. போன மாதம் அந்த வேலையை உதறிவிட்டு, பாலிங் பக்கம் சயாமியரின் ஒரு புத்த விகாரையில் போய் உட்கார்ந்துகொண்டான். 'பிக்குவாகப் போகிறேன்' என்று ஒரே ஒரு மெசேஜ். அன்றிலிருந்து வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போதே கைவிட்டுப் போய்விட்டான் என்று அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஒரு மணிக்குக் கூலிம். அங்கிருந்து வாடகைக் கார், எழுபது வெள்ளி. ஓட்டியவர் சேகர் அண்ணன். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்ற சாலையைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்களும் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களும்தான். தான் பிறந்த எஸ்டேட் இருந்த இடத்தை அவர் காட்டினார். அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி. தம்பி கதையைச் சொன்னேன்.

"சனிக்கிழமையில பப்புக்குப் போறவங்களையும் நான்தான் ஏத்துறேன் தங்கச்சி. போறப்ப ஒரே கூத்து. திரும்புறப்ப ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான் லா" என்றார்.

"நீங்களும் அவன் கட்சியாண்ணே?" என்றேன். சிரித்துக்கொண்டே ஏர்கோனைக் கூட்டினார்.

விகாரையை அடையும்போது மணி இரண்டரை. வாசலில் வெள்ளை உடையில் முரளி. முகம் கொஞ்சம் இளைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது. திட்டுவதற்கு முன் பொட்டலத்தை நீட்டினேன்.

"மத்தியானத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுக்கா. இங்க விரதம்."

அட கடவுளே! முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்த சோற்றை நானும் சேகர் அண்ணனும்தான் தின்றோம்.

"என்ன குறைச்சல்டா உனக்கு?" என்றேன், கை கழுவியதும்.

"குறைச்சல் ஒண்ணும் இல்லக்கா. பப் மூடுறப்ப பெரிய லைட்டெல்லாம் நான்தான் போடுவேன். அது வரைக்கும் ஆடுனவங்க மூஞ்சிய அப்ப பாக்கணும். எதையோ பறிகுடுத்த மாதிரி நிப்பாங்க. மறுநாளும் அதையே தேடிக்கிட்டு வருவாங்க. ஒரு நாள் கண்ணாடில பாத்தா, என் மூஞ்சியும் அப்படியே இருந்துச்சு லா."

ஆனாலும் விடுகிற ஆளா நான்? நேராகத் தலைமைப் பிக்குவிடம் போனேன். ஊரில் அவரை மரியாதையாகத் தோக் சாமி, அதாவது பெரியவர் சாமி, என்கிறார்கள். மலாய் மொழியில் பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"ஆட்டமும் பாட்டும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது நிற்காது. நிற்காததை இழுத்துப் பிடித்தால் கைதான் வலிக்கும். முடிந்ததை முடிந்தது என்று விடத் தெரிந்தவனுக்குச் சந்தோஷம் கொஞ்ச நாள் தங்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா சம்மதித்துவிட்டாரா?" என்று கேட்டார்.

பெற்றவர் சம்மதம் இல்லாமல் காவி கிடையாதாம். 'அம்மாவைக் கேட்டுவிட்டு வா' என்று இவனை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். இவன் பாலிங் பஸ் நிலையம் வரை போய், தைரியம் வராமல் திரும்பி வந்திருக்கிறான்.

முற்றத்தில் ஓர் இளம் பிக்கு இலை கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு வந்து எத்தனை வருடம் என்று பரிதாபப்பட்டுக் கேட்டேன்.

"பன்னிரண்டு நாள். திங்கட்கிழமை கூலிம் கம்பெனியில் எனக்குக் காலை ஷிஃப்ட்" என்றார்.

லீவு போட்டுவிட்டுப் பிக்குவானவர்! சயாமிய ஆண்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அம்மாவின் புண்ணியத்துக்காக இப்படி இருந்துவிட்டு, பழையபடி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவது இங்கே சாதாரணமாம். துறவு என்றால் போனவன் போனவன்தான் என்று நினைத்த எனக்குத் தலை சுற்றியது.

"அப்ப நீ?" என்றேன் முரளியிடம்.

"மழைக்கால விரதம் முடியிற வரைக்கும். மூணு மாசம்க்கா."

"அந்த மூணு மாசத்தையும் சேத்து மெசேஜ்ல போட்டிருந்தா விரல் தேஞ்சிருக்குமாடா?"

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "மொட்டைதானே? பத்துமலை முருகன் கோயில்ல எத்தன தடவ போட்டிருக்கோம்" என்றார். "அவன்கிட்ட போனைக் குடுக்காத. நேர்ல கேக்கட்டும். நான் வரேன்."

அதுவரை நான் பாலிங்கிலேயே தங்கினேன்; சனிக்கிழமை அம்மா வந்தார். முரளி காலில் விழுந்து, "அம்மா, போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டான். "போய்ட்டு வாய்யா." முதல் முடிக்கற்றையை அம்மாதான் வெட்டினார். காவி உடுத்தி வந்தவன் தலையைத் தடவ அம்மாவின் கை போனது. பெண்கள் தொடக் கூடாது என்பது நினைவு வந்து, அந்தக் கையை மற்றதோடு சேர்த்துக் கும்பிட்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை அவன் பிட்சைப் பாத்திரத்தில் புளிச்சோறு விழுந்தது, உச்சிவேளைக்கு வெகு முன்பே.

திரும்பும் பஸ்ஸில் மனம் நிறைந்திருந்தது. தோக் சாமிக்கும், இலை கூட்டியவருக்கும், காசு வாங்காமல் எங்களைக் கூலிமில் விட்ட சேகர் அண்ணனுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பத்து வருஷம் அந்தப் பப்புக்குப் போனானே, ஒரு நாளாவது என்னைக் கேட்டானா?" என்றார் திடீரென்று. "இதுக்குக் கேட்டான் பாரு."