முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு

நெல்லிவாசல்நாட்டுத் தேவராஜ் லேசில் யாரையும் நம்பமாட்டான். புளி வாங்க வரும் வியாபாரி பேரைக் கேட்டாலே, "இன்னாத்துக்கு?" என்பான். ஜீப் சத்தம் கேட்டால் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் நகர்ந்துவிடுவான். சும்மா ஒன்றும் இல்லை. மகள் காவியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கூலி அதிகம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்டப் போய்ப் போலீஸில் மாட்டிக்கொண்டான். கோடு போட்ட சுவரோரம் நிற்கவைத்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தார்கள். ஜாமீனில் வந்ததும், காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்ததாக மகளிடம் அளந்துவிட்டான். கேஸ் இன்னும் முடிந்தபாடில்லை. மகளுக்கு இது தெரிந்துவிடக் கூடாது, அவனுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

இந்த லீவுக்குக் காவியா தனியாக வரவில்லை. காலேஜில் கூடப் படிக்கும் ஒடுகத்தூர்ப் பையன் ரஞ்சித்தையும் கூட்டிவந்தாள். நாலு பேர் சேர்ந்து மாயாஜாலக் கதை ஒன்றை அனிமேஷன் படமாகப் பண்ணுகிறார்களாம். அதில் வருகிறவர்களுக்கு உருவம் வரைவது இவர்கள் இரண்டு பேர் பொறுப்பாம். பண்ணட்டுமே, யார் வேண்டாமென்றது? ஆனால் இந்தப் பையன் எதற்கு இவனையே சுற்றுகிறான்? புளி தட்டும்போது ஒரு போட்டோ, தண்ணீர் குடிக்கும்போது ஒரு போட்டோ. "அப்பா, கொஞ்சம் அப்டித் திரும்புங்களேன்" என்று இளிப்பு வேறு!

"உங்கப்பா இன்னா வேல செய்றாரு?"

"டிரைவருங்க. கவர்மென்ட் ஜீப் ஓட்டுறாரு."

கவர்மென்ட் ஜீப்பா! தேவராஜ் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நகர்ந்தான்.

பிள்ளைகள் வாசலில் பேசிக்கொண்டிருந்த நேரம், பாய்மேல் கிடந்த, அவர்கள் படம் வரையும் டேப்லெட்டை எட்டிப் பார்த்தான். அதற்குள் அவனே நின்றான்! முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு. தலையிலிருந்து கால்வரை குறுக்கே கோடு கோடாக வேறு.

அவ்வளவுதான். ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு வந்து பையனின் சட்டையைப் பிடித்தான்.

"யார்ரா உன்ன அனுப்ச்சது? அங்கயும் இப்டித்தான்டா கோடு போட்டு நிக்கவெச்சானுங்க! என் பொண்ண வெச்சே வூட்டுக்குள்ள பூந்துட்டியா?"

காவியாதான் கையை விலக்கிவிட்டாள்.

"கோடு உயரத்துக்குப்பா. நாலு பேரும் வரையறோம்ல, யார் வரைஞ்சாலும், எந்தப் பக்கம் திருப்பினாலும், அதே ஆளா இருக்கணும். அதுக்குத்தான் மூணு பக்கமும். கதையில நீதான் காட்டக் காக்குற ராஜா."

ராஜாவாம்! தேவராஜுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வாய்விட்டது அப்போதுதான் உறைத்தது. ஆனால் மகள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அவனுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

"எங்கன்னு கேக்கமாட்டியா?"

"தெரியும்ப்பா."

"எப்போலேர்ந்து?"

"எட்டாவதுலேர்ந்து. கிளாஸ்ல ஒருத்தி, திருட்டுப்பய பொண்ணுன்னா. அவ மூக்கப் பேத்துட்டு வூட்டுக்கு வந்தேன். எதுக்குடி அடிச்சேன்னு கேட்ட. சொல்லல. விளார எடுத்து விளாசின."

தேவராஜுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அழாமல் நின்றதைத் திமிர் என்று நினைத்து, இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டிருந்தான்.